துப்பாக்கி வந்த தேதி

இல்லைக்கா, பையை மேலே வைக்க வேண்டாம், என் மடியிலேயே இருக்கட்டும். உள்ளே ஒரு ரிப்போர்ட் இருக்கு. மூணே பக்கம்தான், ஆனா கசங்கக் கூடாது. நீங்க நல்லா உக்காருங்க, நான் நகர்ந்துக்கறேன். குழந்தை தூங்குதா? தூங்கட்டும். துண்டைக் கொஞ்சம் தலைக்கு இழுத்து விடுங்க, சாரல் அடிக்குது. மில் கேட்டுக்குத்தானே டிக்கெட் வாங்கினீங்க? மில்லுக்குள்ளேயே குழந்தைகள் காப்பகம் வச்சிருக்காங்களாமே. நல்லதுதான்.

நான் டவுன் வரைக்கும் போகணும். யுனிவர்சிட்டிக்கு. சமூகப்பணி, ரெண்டாம் வருஷம். இன்னைக்குப் பதினொரு மணிக்கு எங்க துறைத்தலைவர் முன்னாடி நிக்கணும். என் களப்பணி செல்லுமா செல்லாதான்னு முடிவு பண்றாங்க. செல்லாதுன்னு சொல்லிட்டா ஒரு வருஷம் போச்சு. எல்லாம் ஒரே ஒரு கையெழுத்தால. போட மாட்டேன்னு ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. கடைசிப் பக்கத்துல ஒரு தேதியை எழுதினா போடுவாங்களாம். நான் எழுத மாட்டேன்னு சொல்லிட்டேன். நீங்க பிள்ளை பெத்தவங்க, நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, தப்பு யார் மேலே?

ஒரு அங்கன்வாடியில எனக்குக் களப்பணி போட்டாங்க. காலனியை ஒட்டி, மெயின் ரோட்டு மேலேயே. எந்நேரமும் லாரி போற ரோடு, அதனால கேட்டைப் பூட்டியே வச்சிருப்பாங்க. சாவிக்கொத்து ஆயா இடுப்புல. இருபத்தி ரெண்டு பிள்ளைங்க. சகாயராணி டீச்சர், இருபத்தி நாலு வருஷ சர்வீஸ். ஆயா பேரு பஞ்சவர்ணம். டீச்சர் என்னைப் 'பாப்பா'ன்னுதான் கூப்பிடுவாங்க. எனக்கு இருபத்தி மூணு வயசுக்கா. முதல் நாளே சொன்னேன், "என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க டீச்சர்"னு. "சரி பாப்பா"ன்னாங்க. ஆயா அதுக்கும் மேலே. என்னைக் 'காலேஜு'ம்பாங்க. "காலேஜு வந்துருச்சுடி, எல்லாரும் ஒழுங்கா உக்காருங்க."

போன முதல் வாரமே பார்த்தேன், காய்ச்சல் அடிக்கிற பிள்ளைகளைக் கூசாம கொண்டுவந்து விடறாங்க. வாசல்ல நின்னு டீச்சர் காதுல ஏதோ சொல்லுவாங்க. "ராத்திரி சுட்டுச்சு டீச்சர், ஆறு மணிக்கு மருந்து குடுத்தேன், கொஞ்சம் பாத்துக்குங்க." டீச்சரும் சரின்னு வாங்கி, ஜன்னலோரம் தனியா ஒரு பாய் போட்டுப் படுக்க வச்சுடுவாங்க. அப்பப்போ கழுத்துல கை வைச்சுப் பார்க்கறது, ஈரத்துணியால துடைக்கறது, ஸ்பூன்ல தண்ணி கொடுக்கறது. அவ்வளவுதான். எழுதி வைக்கறது கிடையாது, அளந்து பார்க்கறது கிடையாது. சூடு எவ்வளவுன்னு கேட்டா, "நேத்தைக்குக் கம்மி"ங்கறாங்க. இதெல்லாம் ஒரு பதிலாக்கா?

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல்னா மீதி இருபத்தோரு பிள்ளைக்கும் பரவாதா? நான் கேட்டேன். "பரவும்தான் பாப்பா"ன்னாங்க. அப்போ ஏன் சேர்க்கறீங்க? "சேர்க்காட்டி எங்க போவும்?" கேள்விக்குக் கேள்வியே பதில். எங்க துறையில இப்படிப் பேசினா உக்கார வச்சிடுவாங்க.

அதனால நானே பண்ணினேன். என் சொந்த உதவித்தொகையில நெத்திக்கு நேரா காட்டினா சூடு தெரியுமே, அந்தத் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கினேன். சார்ட் எழுதினேன். 'நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சல் உள்ள குழந்தைகளுக்கு அனுமதி இல்லை.' கலர் பேனாவுல, ஓரத்துல பூப் போட்டு. டீச்சர் வேண்டாம்னாங்க. நான் அரை மணி நேரம் பேசினேன். பரவும்னு அவங்களே ஒத்துக்கிட்டதை அவங்களுக்கே திருப்பிச் சொன்னேன். பதில் இல்லை. பதில் இல்லைன்னா என்ன அர்த்தம்? நான் ஜெயிச்சிட்டேன்னு அர்த்தம். தினம் காலையில நானே கேட்ல நின்னேன். ஒருத்தர்தான் பார்க்கணும், அப்பத்தான் அளவு சரியா இருக்கும்னு டீச்சரை உள்ளே உக்காரச் சொல்லிட்டேன்.

பிள்ளைங்க அந்தத் தெர்மாமீட்டரைத் துப்பாக்கின்னு சொல்லும். "மிஸ், என்னைச் சுடுங்க, என்னைச் சுடுங்க"ன்னு வரிசையில நிக்கும். எவ்வளவு ஆசையா நிக்கும் தெரியுமா.

முதல் வாரத்துல ஆறு பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினேன். ரெண்டாவது வாரம் ரெண்டு. மூணாவது வாரம் ஒண்ணுமே இல்லை. பூஜ்யம்! இருபத்தி நாலு வருஷமா முடியாததை மூணே வாரத்துல முடிச்சேன். இன்னொண்ணும் நடந்தது. எல்லாப் பிள்ளைகளும் முகம் கழுவிட்டு வர ஆரம்பிச்சாங்க. எதிர்ல ஒரு அடிபம்பு இருக்கு. அங்கேயே நின்னு அம்மாக்கள் முகத்தைக் கழுவி, நெத்தியைத் துடைச்சு, பளிச்சுன்னு கூட்டிட்டு வருவாங்க. இடைக்கால அறிக்கையில நான் எழுதினேன், 'சுகாதாரப் பழக்கங்களில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணப்படுகிறது.' களப்பணியைப் பார்க்கிற எங்க மேடம் அந்த வரிக்குப் பக்கத்துல டிக் போட்டிருந்தாங்க.

பஞ்சவர்ணம் மட்டும் ஒரு நாள் அடிபம்பையே பார்த்துட்டு நின்னுச்சு. "காலேஜு, பிள்ளையளுக்கு நெத்தியில மட்டும் எப்படி அம்புட்டு அழுக்குச் சேருது?"ன்னு கேட்டுச்சு. எனக்கு எரிச்சல். நல்லது நடந்தா பொறுக்காது சிலபேருக்கு.

அக்டோபர் ஆறு, திங்கட்கிழமை. எட்டரை மணிக்கு நாகஜோதி வந்தா. அவளும் உங்களை மாதிரி நூல் மில்தான், வேற மில்லு. மில் வேன் ரோட்டுல நின்னு ஹாரன் அடிக்குது. இடுப்புல தன்ஷிகா. மூணு வயசு. ரெட்டைக் குடுமி போட்டு, முகமெல்லாம் தண்ணி சொட்டுது. காட்டினேன். தொண்ணூத்தெட்டு புள்ளி நாலு. ரொம்பச் சரி. சட்டைக் காலர்ல மட்டும் ரோஸ் கலர்ல ஒரு கறை, பிசுபிசுன்னு. "காலையிலேயே மிட்டாயாம்மா? பல் என்னத்துக்கு ஆகும்?"னு நாகஜோதிகிட்ட கேட்டேன். இனிப்பைப் பத்தி ரெண்டு நிமிஷம் சொன்னேன். அவ தலையை ஆட்டினா. என் தோளுக்கு மேலே எட்டி உள்ளே பார்த்தா, டீச்சரைத் தேடற மாதிரி. டீச்சர் உள் ரூம்ல செல்போன்ல பிள்ளைங்க எடை உயரம் ஏத்திட்டிருந்தாங்க. வேன்காரன் மறுபடி ஹாரன் அடிச்சான். போயிட்டா.

அந்தப் பொண்ணு காலையிலேருந்தே சுணங்கிச் சுணங்கி உக்காந்தது. ஆயா மடியில போய் ஏறும். "குளுருது"ங்கும். நான் வட்டமா நிக்க வச்சு ஓடிப் பிடிக்கிற விளையாட்டு நடத்திட்டிருந்தேன். நான் பார்த்தாச்சே, தொண்ணூத்தெட்டு புள்ளி நாலுன்னு. உடம்புக்கு ஒண்ணும் இல்லை. அப்போ சோம்பல்தானே? கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்து வட்டத்துல நிறுத்தினேன். "பிள்ளைய விடு காலேஜு, அது ஒரு மாதிரி இருக்கு"ன்னுச்சு பஞ்சவர்ணம். "ஒரு மாதிரின்னா என்ன மாதிரி? நம்பர்ல சொல்லுங்க"ன்னேன். அதுக்குத் தெரியலை. என்ன தெரியும் அதுக்கு?

பதினொன்னே முக்கால் இருக்கும். தன்ஷிகா அப்படியே பக்கவாட்டுல சரிஞ்சது. கண்ணு மேலே சொருகிடுச்சு. கை, கால் வெட்டி வெட்டி இழுக்குது. வாய் ஓரம் நுரை.

டீச்சர் எப்படி வந்தாங்கன்னே தெரியலை. அந்த உடம்பை வச்சுக்கிட்டு! சுத்தியிருந்த பொம்மையெல்லாம் காலாலயே தள்ளிவிட்டு, பொண்ணை ஒருக்களிச்சுப் படுக்க வச்சு, தலைக்குக் கீழே ஒரு துண்டை மடிச்சு வச்சு, சட்டைப் பட்டனை அவுத்துட்டாங்க. கையைக் காலைப் பிடிக்கலை, சும்மா பக்கத்துல உக்காந்தாங்க. அதெல்லாம் சரியாத்தான் பண்ணினாங்க, நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா பஞ்சவர்ணம் என்ன பண்ணுச்சு தெரியுமா? இடுப்புல இருந்த சாவிக்கொத்தை உருவி அந்தப் பிஞ்சுக் கையில திணிச்சுச்சு!

இரும்பைக் கையில கொடுத்தா வலிப்பு நிக்குமாம். எனக்கு ரத்தம் கொதிச்சதுக்கா. ஒரு அரசு மையத்துல, இந்தக் காலத்துல! பிடுங்கி ஜன்னல் வழியா வெளியே வீசினேன். வீசிட்டுச் சொன்னேன், இது மூடநம்பிக்கை, இது நரம்பு சம்பந்தப்பட்டது, இதனாலதான் நம்ம ஊர் உருப்படலை, வாயில எதையும் வைக்கக் கூடாதுன்னு. வாயில யாரும் எதையும் வைக்கலை, வாஸ்தவம்தான். ஆனா வைக்க வாய்ப்பு இருக்கில்லையா? "பாப்பா, மணி பாரு"ன்னாங்க டீச்சர். நான் பஞ்சவர்ணத்துக்குப் பதில் சொல்லிட்டிருந்தேன். "பாப்பா, சண்டை அப்புறம் போடலாம், எத்தனை நிமிசம் ஆச்சுன்னு பாரு." மூணாவது தடவை அவங்களே சுவத்துக் கடிகாரத்தைப் பார்த்துட்டாங்க. மூணு நிமிஷத்துல இழுப்பு நின்னுச்சு. 108-க்கும் அவங்களேதான் பேசினாங்க. ஆயா பிள்ளைகளையெல்லாம் சமையக்கட்டுக்குக் கூட்டிட்டுப் போய்ப் பாட்டுப் பாட வச்சுச்சு. நான் தெர்மாமீட்டரை எடுத்துக் காட்டினேன். நூத்தி மூணு புள்ளி நாலு. குனிஞ்சப்பதான் வாசனை வந்தது. வாய்கிட்ட இனிப்பா, பழ வாசனை. மிட்டாய் இல்லைக்கா. காய்ச்சல் சிரப்பு.

மறைச்சிருக்கா! எனக்குக் காட்டறதுக்காக மருந்தைக் கொடுத்து, நெத்தியைக் கழுவி, கொண்டுவந்து காட்டியிருக்கா. மருந்து வேகம் இறங்கினதும் காய்ச்சல் ஏறிடுச்சு.

ஆம்புலன்ஸ் வந்து ஹாரன் அடிச்சப்பதான், கேட் சாவியும் அந்தக் கொத்துலதான் இருந்ததுன்னு எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. எனக்கு எப்படித் தெரியும்? ஜன்னலுக்குப் பின்னாடி, காம்பவுண்டுக்குள்ளே முருங்கை மரம், அதுக்குக் கீழே நெருஞ்சி. டீச்சர் காத்திருக்கலை. பிளாஸ்டிக் சேரைப் போட்டு ஏறி, குழந்தையைக் கேட்டுக்கு மேலே தூக்கி ஆம்புலன்ஸ்காரர் கையில கொடுத்துட்டு, அவங்களும் அந்தப் பக்கம் குதிச்சாங்க. அம்பத்தி ரெண்டு வயசு. சேலை கேட் கம்பியில மாட்டி முழங்கால் வரைக்கும் கிழிஞ்சுது. சாவியை நான்தான் தேடிக் கண்டுபிடிச்சேன், கையெல்லாம் முள்ளு. ஆம்புலன்ஸ் போனப்புறம்தான், இருந்தாலும் கண்டுபிடிச்சது நான்தானே? அதை ஒருத்தரும் சொல்றதில்லை.

பொண்ணு பிழைச்சிடுச்சு. நல்லா இருக்கா. அதைச் சொல்லாம விட்டுட்டேன் பாருங்க. உங்க முகம் எப்படியோ ஆயிடுச்சு.

நான் பின்னாடியே ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையில நோட்டு. நாகஜோதி மில் ஏப்ரனோடவே ஓடி வந்திருந்தா, தலைமுடியெல்லாம் பஞ்சு. டாக்டர் கேட்கறார், "காய்ச்சல் மருந்து ஏதாவது குடுத்தீங்களா? எத்தனை மணிக்கு? எவ்வளவு?" அவ என்னைப் பார்த்தா. பார்த்துட்டு, "குடுக்கலைங்க"ன்னா! டாக்டர்கிட்டயே! "பொய் சொல்றா சார், வாயில வாசனை வந்தது"ன்னேன் நான். டீச்சர் என் முழங்கையைப் பிடிச்சு, "பாப்பா, வெளியே போய் நில்லு"ன்னாங்க. என்னை! நான் வெளியே போனப்புறம் சொல்லியிருக்கா. ஏழே முக்காலுக்கு, அஞ்சு மில்லி. ஒன்றரை வயசுலயும் ஒருமுறை இதே மாதிரி இழுத்திருக்காம். அது டீச்சருக்கு முன்னாடியே தெரியுமாம். காய்ச்சல்னு காதுல விழுந்திருந்தா, அந்தப் பிள்ளையை ஜன்னலோரப் பாயை விட்டு எழுப்பியே இருக்க மாட்டேன்னாங்க. தெரிஞ்சிருந்தா எனக்கு எழுதிக் கொடுத்திருக்கணும், இல்லையா?

எல்லாத்தையும் ரிப்போர்ட்டா எழுதினேன். நேரம், டிகிரி, சாவி எல்லாம். சாவின்னா, கையில கொடுத்தது. வீசினது வேற விஷயம். கடைசிப் பக்கத்துல முக்கியமான வரி: 'தாய் வேண்டுமென்றே மருந்து கொடுத்துக் காய்ச்சலை மறைத்ததே இந்நிகழ்வுக்குக் காரணம்.' டீச்சர்கிட்ட கையெழுத்துக்கு நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு மூணு பக்கத்தையும் படிச்சாங்க. கோபப்படுவாங்க, அந்த வரியை எடுக்கச் சொல்வாங்கன்னு நான் தயாரா நின்னேன். உண்மையை எப்படி மறைக்கிறதுன்னு கேட்கறதுக்கு ஏழெட்டுப் பாயின்ட் மனசுக்குள்ளே வரிசையா வச்சிருந்தேன்.

அவங்க எடுக்கச் சொல்லலை. "அதுக்கு மேல ஒரு தேதியைப் போடு பாப்பா"ன்னாங்க.

"என்ன தேதி?"

"துப்பாக்கி வந்த தேதி."

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டீச்சர்?"

"நீ தேதியைப் போடு. சம்பந்தம் இருக்கா இல்லையான்னு படிக்கறவங்க பாத்துக்குவாங்க. அந்த ஒரு வரி மட்டும் மேல போனா, நாகஜோதி பெத்த பிள்ளையைக் கொல்லப் பாத்தவன்னு ஆயிரும். அவ என் காதுல சொல்லிட்டுப் போறவ பாப்பா. நாலு வாரமா எவளும் என் காதுல ஒண்ணும் சொல்லலை."

நான் விட்டேனா? ஒரு விதி இருந்ததுங்கறதுக்காக அதை மீறினது விதியோட தப்பு ஆயிடுமா? சிக்னல் போட்டிருக்கிறதாலதான் தாண்டினேன்னு ஒருத்தன் சொன்னா ஒத்துக்குவாங்களா? அடுக்கிக்கிட்டே போனேன். அவங்க பேனாவை மூடி ரிப்போர்ட் மேலே வச்சுட்டு, பிள்ளைங்களுக்கு முட்டை உரிக்கப் போயிட்டாங்க. வாதம் பண்ணத் தெரியாதவங்க இப்படித்தான், எழுந்து போயிடுவாங்க.

நாகஜோதி இப்போ பிள்ளையை அனுப்பறதே இல்லை. அவ மட்டும் இல்லை, ஏழு பேர் நின்னுட்டாங்க. கேட்டா என்னாலயாம். சார்ட்டைக்கூடப் பஞ்சவர்ணம் கழட்டி, திருப்பிப் போட்டு அது மேலே கீரை ஆயுது.

என்னக்கா? என்ன கேட்டீங்க?

செப்டம்பர் எட்டு. வாங்கினது ஆறாம் தேதி, கேட்ல நின்னது எட்டு. நல்லா ஞாபகம் இருக்கு, ஏன் இருக்காது? எழுத முடியாதுன்னு இல்லைக்கா. எழுதினா நான் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீங்களும் அதையே கேட்கறீங்களே. இவ்வளவு நேரம் ஒரு வார்த்தை பேசாம வந்துட்டு, கேட்டது தேதியைத்தானா?

மழை நின்னுடுச்சு. அடுத்த ஸ்டாப் உங்களுதா? இருங்க, பாட்டில் மூடி இறுக்கமா இருந்தா நான் திறந்து தர்றேன். குடிக்கவா? தூங்கற பிள்ளைக்கு எப்படி... ஓ, துண்டை நனைக்கவா.

முகம் துடைச்சு விடறீங்களா.

நெத்தியை மட்டும் ஏன்க்கா துடைக்கறீங்க?

கொஞ்சம் காட்டுங்க. சும்மா தொட்டுப் பார்க்கறேன். ஏன் திருப்பிக்கறீங்க? சுடுதேக்கா, துண்டுக்கு மேலேயே சுடுதே. வெயிலா? எங்கே வெயில்? இப்பத்தானே சாரல் விட்டது. காலர்ல அது என்னக்கா, ரோஸ் கலர்ல? சரி, சரி, நான் ஒண்ணும் கேட்கலை. எத்தனை மணிக்குக் கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க. என்கிட்ட வேண்டாம், உள்ளே காப்பகத்துல இருக்கிறவங்க காதுல சொல்லிடுங்க. சொல்லுவீங்கதானே? அங்கேயும் வாசல்ல அளந்து பார்க்கறாங்களா?

எந்திரிக்காதீங்க, இன்னும் நிறுத்தலை. வண்டி ஆடுது, பிள்ளையை வச்சுக்கிட்டுப் படிக்கட்டுல போய் நிக்காதீங்க. என்னைப் பார்த்து எதுக்குப் பயப்படறீங்க? அக்கா, இது பஸ்ஸுக்கா. இங்கே நான் யாரைத் திருப்பி அனுப்பப் போறேன்?